காட்டு வைரஸ் லண்டன் போன கதை

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊரிலிருந்து அத்தை போன் செய்தார். ஊர் என்றால் கௌதள்ளி. கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. அப்புறம் மைசூர் ஜில்லா. 1997 முதல் சாமராஜநகர். எங்கள் வீடு இருந்த இடத்தை விட்டு நகராமலே மூன்று ஜில்லா பார்த்துவிட்டது :-)

அத்தை நலம் விசாரிக்கவே இல்லை.

"கண்ணு, மாமாவுக்கு வாயில புண்ணு ஆறலைன்னு சொன்னனில்ல. கேன்சருன்னு சொல்லிப் போட்டாங்க. தாடையில ஒரு பக்கம் எடுக்கோணுமாம். இவரு கத்தியே வெக்க விடமாட்டேன்னு நிக்கறாரு. டவுன்ல ஒருத்தரு வைரஸ் ஊசின்னு ஒண்ணு இருக்குதுங்கறாரு. வெட்ட வேண்டியதில்லையாம். எட்டு லட்சமாம். மேட்டுக்காட்டை வித்தரலாம்னு இருக்கறோம். நீ மருந்துக் கம்பெனியிலதான இருக்கறே, அது நெசமா?"

நான் டாக்டர் இல்லை. லண்டனில், மருந்துப் பரிசோதனைகளின் கணக்கைப் பார்க்கிற புள்ளிவிவரக்காரன். "ரெண்டு நாள் பொறுங்க அத்தே. அது வரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் மட்டும் குடுத்திராதீங்க" என்று சொல்லி வைத்தேன். நெசமா என்றால், நெசம்தான். ஆனால் அவர்கள் கேட்டது நெசமில்லை. இதை அத்தைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் இந்த விஷயத்தின் பழைய சரித்திரத்தைத் தேடிப் போனேன். அதில் நம்ம கர்நாடகக் காடே வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

வைரஸ் தொற்றினால் புற்றுநோய் அடங்கக்கூடும் என்ற எண்ணம் நூறு வருடத்துக்கும் மேல் பழையது. 1904ல் ஜார்ஜ் டாக் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். லுக்கேமியா வந்த ஒரு பெண்ணுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தது. எக்கச்சக்கமாக இருந்த வெள்ளணுக்கள் அந்தச் சமயத்தில் குறைந்தன, பிறகு நோய் திரும்பிவிட்டது. இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்ததைப் பார்த்த டாக்டர்கள், நாமே வைரஸைக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். நியூயார்க்கில் செஸ்டர் சௌதம், ஆலிஸ் மூர் இருவரும் வெஸ்ட் நைல் வகை வைரஸ் ஒன்றை 34 புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்து, 1952ல் அதன் முடிவை எழுதினார்கள்.

இனி நம்ம பக்கம். 1957ல் ஷிமோகா ஜில்லா சொரபா தாலுகாவில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. கூடவே காட்டுக்குள் போய்வந்த ஜனங்களுக்கும் கடும் காய்ச்சல். பூனாவில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் வந்து புது வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். உண்ணி கடித்துப் பரவுவது. கியாசனூர் காட்டு நோய் என்று பெயர் வைத்தார்கள். கன்னடத்தில் மங்கன காயிலே, நம் வாயில் குரங்குக் காய்ச்சல். வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். இது எங்கோ ஷிமோகா சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2012 கடைசியில் எங்கள் சாமராஜநகர் மாவட்டத்திலேயே, பந்திப்பூர் காட்டில், செத்த குரங்குகளைக் கையாண்ட வனத்துறை ஆட்களுக்கு இது வந்தது.

இந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும். லுக்கேமியாவிலோ வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். அடுத்தது என்ன என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

1966 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் முதல் பெயர் வெப். இவர் 1961லேயே ராவ் என்பவரோடு சேர்ந்து, கியாசனூர் நோயாளிகளுக்கு நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டதைப் பற்றி எழுதியவர். 1966 கட்டுரையில் லுக்கேமியா முதலான நோய்கள் இருந்த 28 பேருக்கு இரண்டு வைரஸ்களைக் கொடுத்துப் பார்த்த கதை இருக்கிறது. ஒன்று நம்ம கியாசனூர் வைரஸ். இன்னொன்று லங்காட் வைரஸ். மலேசியாவில் இருப்பவர்களுக்குப் பெயரே சொல்லிவிடும், சிலாங்கூர் உலு லங்காட் காட்டில் உண்ணிகளிலிருந்து எடுத்தது. ஆக, நம் ஜனங்கள் வாழ்கிற இரண்டு நாட்டுக் காடுகளிலிருந்து இரண்டு வைரஸ்கள், லண்டன் நோயாளிகளின் உடம்புக்குள்.

பலன்? சிலருக்குக் கொஞ்ச நாள் நோய் தணிந்தது. சிலருக்கு வைரஸ் மூளைக்குப் போய் மூளையழற்சி வந்தது. அந்த வழி அதோடு அடைபட்டது.

வெப் வேலை பார்த்த செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தடியில், பார்லிமெண்டுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிறது. நான் வாரத்தில் ஐந்து நாள் கடந்து போகிற இடம். இந்தக் கட்டுரையைப் படித்த மறுநாள் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். விறகுக்கும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் போன யாரோ ஒருவருக்கு வந்த காய்ச்சல், பத்து வருஷத்துக்குள் இந்த நதிக்கரைக்கு மருந்தாக வந்திருக்கிறது. மருந்தாகவில்லை என்பது வேறு விஷயம்.

ஏன் ஆகவில்லை? எங்கள் ஊர் பாஷையில் சொன்னால், ராகிக் காட்டில் புகுந்த பன்றியை விரட்ட காட்டு யானையை ஏவி விட்ட கதை. யானை பன்றியை விரட்டும்தான், ராகியையும் மிதிக்கும். காட்டு வைரஸுக்குப் புற்று எது, மூளை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. யானையைப் பழக்கிக் கும்கி ஆக்க வேண்டும். அதற்கு வைரஸின் மரபணுவைத் திருத்தத் தெரிய வேண்டும். 1966ல் அந்த வித்தை யாரிடமும் இல்லை.

வித்தை வந்தது 1991ல். மார்டூசா என்ற மூளை அறுவை நிபுணரும் அவர் குழுவினரும், வாய்ப்புண் உண்டாக்குகிற ஹெர்பிஸ் வைரஸிலிருந்து ஒரே ஒரு மரபணுவை எடுத்துவிட்டார்கள். அது இல்லாவிட்டால், பெருகாமல் சும்மா இருக்கிற நரம்பு அணுவில் அந்த வைரஸால் வளர முடியாது. ஓயாமல் பெருகிக்கொண்டிருக்கிற புற்று அணுவில் வளரும். எலிகளில் மூளைக் கட்டிகளுக்கு எதிராக இது வேலை செய்தது. இதே ஹெர்பிஸ் வழியில் வந்த இன்னொரு மருந்துக்கு 2015ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தோலில் வரும் மெலனோமா புற்றுக்கு, கட்டியிலேயே போடுகிற ஊசி. 1991லிருந்து 2015, இருபத்து நான்கு வருஷம்! சீனா முந்திக்கொண்டது. 2003ல் ஒன்று, 2005ல் ஒன்று என்று இரண்டு அடினோ வைரஸ் மருந்துகளுக்கு அனுமதி. அதுவும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளுக்கு. டவுன்காரர் சொன்ன ஊசியின் வேர் இதுவாக இருக்கலாம். ஆனால் 2005ல் வந்த மருந்தைக்கூட கீமோவோடு சேர்த்துக் கொடுக்கத்தான் அனுமதித்தார்கள். அறுவைக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று இல்லை.

இந்தியாவில் வைரஸ் வேறு வேலை பார்க்கிறது. அது புற்றைக் கொல்வதில்லை, தபால்காரன் உத்தியோகம். ஹெச்.ஐ.வி. இனத்து வைரஸிலிருந்து நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கிவிட்டு, ஒரு புது மரபணுவை ஏற்றுகிறார்கள். நோயாளியின் டி அணுக்களை வெளியே எடுத்து, வைரஸ் மூலம் அந்த மரபணுவை உள்ளே செலுத்தி, பெருக்கித் திரும்ப ஏற்றுகிறார்கள். பி அணுக்களின் மேல் இருக்கும் சி.டி.19 என்ற அடையாளத்தைப் பார்த்தால் அந்த டி அணுக்கள் தாக்கும். மும்பை ஐ.ஐ.டி.யின் ராகுல் புர்வார் குழுவும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து செய்த இதை 2021 ஜூனில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் அரசு அனுமதி, பெயர் நெக்ஸ்கார்19. அமெரிக்காவில் இதே வகை மருந்து 2017ல் வந்தபோது விலை 4,75,000 டாலர். இங்கே சுமார் 40 லட்சம் ரூபாய். 2025 ஜனவரியில் பெங்களூரின் இம்யூனீல் நிறுவனமும் ஒன்றை வெளியிட்டது. பெருமைப்பட வேண்டிய காரியம்தான். ஆனால் இவை சில வகை லிம்ஃபோமா, லுக்கேமியாவுக்கு மட்டும். மாமாவின் தாடையில் இருக்கும் கட்டியில் அந்த சி.டி.19 அடையாளமே கிடையாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த வழியில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1999ல் பென்சில்வேனியாவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன், ஈரல் சம்பந்தப்பட்ட பரம்பரைக் கோளாறுக்காக அடினோ வைரஸ் ஏற்றிய நான்காம் நாள் இறந்தான். அதற்கும் முன்னால், மேலே சொன்ன அதே சௌதம், 1963ல் புரூக்ளினில் 22 முதியவர்களுக்குப் புற்று அணுக்கள் என்று சொல்லாமலே அவற்றை ஊசியில் ஏற்ற ஏற்பாடு செய்தார். மூன்று இளம் டாக்டர்கள் முடியாது என்று மறுத்தார்கள். இன்று நோயாளிக்கு முழுதும் சொல்லி, கையெழுத்து வாங்கி, பதிவு எண் போட்டுத்தான் பரிசோதனை நடக்க வேண்டும் என்றால், அதற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். என் வேலையே அந்தக் கணக்குதான். அதில் ஒவ்வொரு வரிசையும் ஒரு மனுஷன்.

மூன்றாம் நாள் அத்தையைக் கூப்பிட்டேன். சரித்திரமெல்லாம் சொல்லவில்லை. டவுன்காரரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். மருந்தின் பெயர் என்ன? மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த காகிதம் எங்கே? பரிசோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன? (2009லிருந்து இந்தியாவில் அந்தப் பதிவு கட்டாயம்.) பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடம் எட்டு லட்சம் கேட்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

சாயங்காலம் அத்தையே கூப்பிட்டார். "மருந்து பேரைக் கேட்டதுக்கே கோபம் வந்திருச்சு கண்ணு அந்தாளுக்கு. நம்பிக்கை இல்லீன்னா வேண்டாமுன்னுட்டாரு."

மாமாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "மாமா, வைரஸ் வைத்தியம் பொய்யில்லைங்க. உங்களுக்கு ஆகறது இன்னும் வரலை. அது வர்ற வரைக்கும் கட்டி காத்துட்டு இருக்காது." ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எப்பப் போகோணும்?" என்றார்.

பெங்களூர் கித்வாயில் அறுவை நடந்தது, பிறகு கதிர்வீச்சு. முகம் ஒரு பக்கம் ஒடுங்கிவிட்டது. பேச்சு பாதி எனக்குப் புரிவதில்லை, அத்தைதான் மொழிபெயர்க்கிறார். வெற்றிலை புகையிலையை விட்டாயிற்று. ராகிக் கூழ் இறங்குகிறதாம். நோய் திரும்பாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்ட வேண்டும். மேட்டுக்காடு அப்படியே இருக்கிறது. இந்த வருஷமும் ராகிதான் போட்டிருக்கிறார்கள்.

ஊரிலிருந்து இப்படி ஒரு போன் உங்களுக்கும் ஒரு நாள் வரும். நீங்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. அந்த மூன்று கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.