பக்வால்ட்–ஹார்ட்விக் அமினேற்றம்

அரோமாட்டிக் வளையத்திலுள்ள ஹாலஜனை நீக்கி, அவ்விடத்தில் அமீனைப் பலேடிய வினையூக்கியால் பிணைக்கும் வினை. 1903-இல் உல்மான் கண்ட தாமிர முறைக்குக் கடும் வெப்பம் தேவைப்பட்டது. 1983-இல் ஜப்பானில் மிகிதா குழு பலேடியத்தைக் கொண்டு இதைச் செய்து காட்டியது. ஆனால் நச்சுத்தன்மையுள்ள வெள்ளீயச் சேர்மங்கள் அதற்கு வேண்டியிருந்தன. 1995-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் ஸ்டீபன் பக்வால்டும் ஜான் ஹார்ட்விகும் தனித்தனியே வெள்ளீயத்தைக் கைவிட்டு, வலுவான காரத்தின் துணையோடு அமீனையே நேரடியாகப் பயன்படுத்தினர். 2019 உல்ஃப் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

பலேடியம் கார்பன்–ஹாலஜன் பிணைப்பினுள் நுழைகிறது. அமீன் அதனுடன் இணைகிறது. காரம் புரோட்டானைப் பறிக்கிறது. கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு உருவாகிப் பலேடியம் விடுபடுகிறது.

தேர்திறன் பெரும்பாலும் பலேடியத்துடன் பிணைந்திருக்கும் பாஸ்பீன் ஈனியின் கைவண்ணமே. ஒரே மூலக்கூறில் ஓரிணைய, ஈரிணைய அமீன் தொகுதிகள் இரண்டும் இருந்தால், பிரெட்பாஸ் என்னும் ஈனி ஓரிணையத்தை, அதுவும் ஒருமுறை மட்டும், வினைபுரியச் செய்யும். ஈரிணைய அமீன்களுக்கு ரூபாஸ் ஏற்றது. புரோமினும் குளோரினும் உள்ள வளையத்தில் பொதுவாகப் புரோமினே முதலில் வெளியேறும். எல்லா அமீனுக்கும் பொருந்தும் ஒற்றை ஈனி இல்லாதது ஆய்வகங்களின் அன்றாடத் தொல்லை.

மருந்துத் தயாரிப்பில் இவ்வினை பெரிதும் பயன்படுகிறது. பன்னாட்டு வழிகாட்டுநெறிப்படி, வாய்வழி மருந்தில் பலேடிய எச்சம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.