மோசமான மேனேஜரிடம் கற்ற பாடம்: ஷாக்லியும் அந்த எட்டுப் பேரும்

மாமியாரும் ஒரு காலத்தில் மருமகள்தான் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மருமகளாகத் தான் பட்டதை மறந்துவிட்டு, அதையே தன் மருமகளுக்குச் செய்கிறாள் என்ற அர்த்தத்தில்தான் பெரும்பாலும் சொல்கிறோம். ஆனால் நான் பார்த்த சில மாமியார்கள் வேறு மாதிரி. "நான் பட்டது போதும், இவளாவது நிம்மதியா இருக்கட்டும்" என்று வாயையே திறக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியதைக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆபீஸ்லயும் இந்த இரண்டு வகை உண்டு. இன்றைக்குப் பேசப்போவது அந்த இரண்டாவது வகையைப் பற்றி. கதை நடப்பது அமெரிக்காவில்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டைன் இருவரும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். அவர்களுடைய குழுத் தலைவர் வில்லியம் ஷாக்லி. தன் கை நேரடியாகப் படாமல் அது நடந்துவிட்டதை அவரால் தாங்க முடியவில்லை. சில வாரங்களிலேயே, தனியாக உட்கார்ந்து, அதைவிட மேலான ஒரு டிரான்சிஸ்டருக்கு வடிவம் கொடுத்தார். அதைத் தன் குழுவிடமே சில நாள் மறைத்து வைத்தார். மேதைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கீழே வேலை செய்ய முடியாமல் 1951-ல் பார்டீன் கிளம்பிவிட்டார்.

அதே ஷாக்லி 1956-ல் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ ஊரில் சொந்தமாக ஓர் ஆய்வகம் தொடங்கினார். பணம் போட்டவர் ஆர்னால்டு பெக்மன். ஷாக்லி பொறுக்கி எடுத்த இளைஞர்களில் இரண்டு பேர் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர். அந்த வருடமே ஷாக்லி, பார்டீன், பிராட்டைன் மூவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நோபல் வாங்கியவர் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார். வேறென்ன வேண்டும், இல்லையா?

உள்ளே நடந்தது வேறு. ஆட்கள் ஒரு முடிவைக் கொண்டுவந்தால், அது சரியா என்று பெல் ஆய்வகத்துக்கே போன் போட்டு விசாரிப்பார். ஒருநாள் ஓர் ஊழியரின் கையில் ஏதோ கூரான ஒன்று கிழித்துவிட்டது. யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்று முடிவு கட்டி, எல்லோரையும் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைக்கப் பார்த்தார். கடைசியில் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், அது தலை உடைந்துபோன ஒரு குண்டூசி. அவ்வளவுதான்!

இதைவிட எனக்கு வலிக்கிற சம்பவம் இன்னொன்று. 1956 ஆகஸ்டில் நாய்ஸ் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு புதுவகை டயோடுக்கான யோசனையை எழுதி ஷாக்லியிடம் காட்டினார். ஷாக்லி அக்கறை காட்டவில்லை. நாய்ஸும் நோட்டை மூடிவைத்துவிட்டார். 1958-ல் ஜப்பானைச் சேர்ந்த லியோ எசாகி அதே போன்ற டயோடைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1973-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

1957 செப்டம்பரில் எட்டுப் பேர் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். முதலில் பெக்மனிடம் முறையிட்டுப் பார்த்தார்கள், பலன் இல்லை. எட்டாவது ஆளாகக் கடைசியில் சேர்ந்தவர் நாய்ஸ். மேலே இருப்பவரை எதிர்ப்பது அவருக்குச் சுலபமாக வரவில்லை. இந்த எட்டுப் பேர் தொடங்கியதுதான் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர்.

1959-ல் நாய்ஸ் அதன் பொது மேலாளரானார். இப்போது கவனிங்க. ஃபேர்சைல்டில் ழான் ஹோர்னி என்பவர், அவரும் அந்த எட்டுப் பேரில் ஒருவர், தன் நோட்டில் ஒரு யோசனை எழுதி வைத்திருந்தார். சிலிக்கானின் மேலே படியும் ஆக்சைடு படலத்தைக் கழுவி எடுக்காமல், அதையே பாதுகாப்புக் கவசமாக விட்டுவைக்கலாம் என்பது. 1959-ல் அவர் அதைச் செய்து காட்டியபோது யாரும் தடுக்கவில்லை, வளர்த்தெடுத்தார்கள். அதன் மேல்தான் நாய்ஸ் தன் ஒருங்கிணைந்த சர்க்யூட்டைக் கட்டினார். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் போன் அந்த வழியில் வந்ததுதான். ஷாக்லியிடம் ஒரு நோட்டு மூடப்பட்டது. ஷாக்லியிடம் அடிபட்டவர்களிடம் ஒரு நோட்டு திறந்தது.

இதோடு முடித்தால் நல்ல நீதிக்கதை. ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை.

நாய்ஸை எல்லோருக்கும் பிடிக்கும். யாரையும் கடிந்து பேச மாட்டார். அதுதான் பிரச்சினையும். 1963-ல் ஃபேர்சைல்டில் சேர்ந்த ஆண்டி குரோவ் பார்த்தது இதைத்தான்: கூட்டத்தில் ஆட்கள் அடித்துக்கொள்வார்கள், தலைமையில் இருக்கும் நாய்ஸ் நடுவில் புகுந்து முடிவு சொல்ல மாட்டார். 1968-ல் நாய்ஸும் மூரும் இன்டெல் தொடங்கியபோது, நாய்ஸும் கூட இருக்கிறார் என்பது குரோவுக்கு அவ்வளவாக உவக்கவில்லை. சேர்ந்த பிறகு அவர் எடுத்தது நேர் எதிர் வழி. முகத்துக்கு நேரே வாதாடு, முடிவெடு. 1971-ல் காலை 8:05-க்குப் பிறகு வருபவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு பட்டியலே வைத்தார்.

நாய்ஸின் மென்மை முழுக்க ஷாக்லியால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் சுபாவமே அப்படித்தான். ஆனால் ஷாக்லியிடம் இருந்த நாட்கள் அந்த சுபாவத்துக்கு ஒரு நியாயம் கொடுத்துவிட்டன என்பது என் ஊகம். "நான் அவர் மாதிரி இல்லை" என்பதே போதும் என்று தோன்றிவிடுகிறது.

எனக்கு இது எப்படித் தெரியும்னு கேட்டா, என் கதையும் அதுதான். என் முதல் மேனேஜர், நாங்கள் செய்த தப்புகளை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். ஞாயிறு சாயங்காலமே எனக்கு வயிறு பிசைய ஆரம்பித்துவிடும். நான் மேனேஜரானபோது ஒரே ஒரு சபதம் எடுத்தேன், யாரையும் அப்படி அவமானப்படுத்தக் கூடாது என்று. காப்பாற்றினேன். இரண்டு வருடம் கழித்து, என் டீமில் இருந்த ஒரு பெண்ணுக்குக் குறைந்த ரேட்டிங் வந்தது. அவள் வேலையில் இருந்த குறை எனக்கு ஆறு மாதமாகவே தெரியும். சொன்னதில்லை. அவள் கோபப்படவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா திருத்தியிருப்பேனே சார்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த மாதம் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

நான் என் பழைய மேனேஜருக்குப் பயந்து ஒளிந்துகொண்டே இருந்திருக்கிறேன். அதற்கு விலை கொடுத்தது அந்தப் பெண்.

இப்போதெல்லாம் குறையைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வாரமே சொல்லிவிடுகிறேன். இன்னமும் அதற்கு முன்னால் வயிறு பிசையத்தான் செய்கிறது. உங்களுக்கும் இப்படி ஒரு மேனேஜர் இருந்திருந்தால், அவரைப் போல ஆகாமல் இருக்க நீங்கள் எதையெல்லாம் செய்யாமல் விடுகிறீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.