லெபனான் மலை மாவட்டம்: தீர்வும் அதன் விலையும்

ஒட்டோமன் பேரரசின் நிர்வாக வரலாற்றிலே லெபனான் மலை மாவட்டம் தனித்துவமானதோர் இடத்தைப் பெறுகின்றது. மரோனியக் கிறிஸ்தவரும் துரூசியரும் கலந்து வாழ்ந்த அம்மலைநாடு, 1842–43இல் பெய்ரூட் – டமஸ்கஸ் வீதியை எல்லையாகக் கொண்டு இரு பிரிவுகளாக்கப்பட்டது. வடபகுதி மரோனிய அதிகாரியிடமும் தென்பகுதி துரூசிய அதிகாரியிடமும் ஒப்படைக்கப்பட்டன. தென்பகுதியிலும் கிறிஸ்தவர் பெருந்தொகையினராக வாழ்ந்தமையால் இப்பிரிவினை பகைமையைத் தணிக்கத் தவறியது.

எனினும், அப்பகைமையைச் சமயப் பகைமையென மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. 1858இல் கிஸ்ரவான் பகுதியில் மரோனியக் குடியானவர் தம் சமயத்தவரேயான காசின் குடும்பப் பிரபுக்களுக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தனர். நிலமானிய முறைக்கு எதிரான அவ்வெழுச்சி தெற்கே பரவியபோது, அங்கு பிரபுக்கள் துரூசியராகவும் குடியானவருட் பலர் கிறிஸ்தவராகவும் இருந்தமையால், வர்க்க முரண்பாடு சமய மோதலாக உருமாறியது. 1860ஆம் ஆண்டுக் கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இதன் விளைவாக, ஐந்து ஐரோப்பிய வல்லரசுகளின் இணக்கத்துடன் 1861 யூன் 9இல் ஓர் ஒழுங்குவிதி இயற்றப்பட்டது. மலைநாடு தன்னாட்சியுடைய தனி மாவட்டமாயிற்று. ஆளுநர் லெபனானியரல்லாத ஒட்டோமன் கிறிஸ்தவராக இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆர்மேனியக் கத்தோலிக்கரான தாவூத் பாஷா முதல் ஆளுநரானார். நிலமானியச் சலுகைகள் ஒழிக்கப்பட்டன. சட்டத்தின் முன் யாவரும் சமமெனப்பட்டது.

ஆனால் 1864இல் திருத்தப்பட்ட விதி, நிர்வாக சபையின் 12 ஆசனங்களையும் சமயவாரியாகவே பங்கிட்டது: மரோனியருக்கு 4, துரூசியருக்கு 3, கிரேக்க வைதிகருக்கு 2, கிரேக்கக் கத்தோலிக்கர், சுன்னிகள், ஷியாக்கள் ஆகியோருக்கு ஒவ்வொன்று. சட்டத்தின் முன் சமமான குடிமகன், சபையின் வாயிலில் தன் சமயத்தின் பெயராலேயே அறியப்பட்டான்.

இவ்வேற்பாடு அரை நூற்றாண்டு அமைதியை நல்கியது என்பதை மறுத்தல் இயலாது. பட்டுத்தொழில் வளர்ந்தது; வீதிகள் அமைந்தன. ஆயினும் பெய்ரூட் துறைமுகமும் தானியம் விளையும் பெக்கா சமவெளியும் மாவட்ட எல்லைக்கு வெளியே இருந்தன. மலைமக்கள் பலர் அமெரிக்கக் கண்டங்களுக்குப் புலம்பெயர்ந்தனர். 1915இல் தன்னாட்சி பறிக்கப்பட்டது. போர்க்கால முற்றுகையும் தானியப் பறிமுதலும் வெட்டுக்கிளிகளும் கூடிக் கொடும் பஞ்சத்தை விளைவித்தன.

1920இல் பிரான்சு அமைத்த பெரிய லெபனான் அவ்வெல்லைகளை மாற்றியது. பங்கீட்டு முறையையோ மாற்றவில்லை. 1943ஆம் ஆண்டுத் தேசிய உடன்படிக்கையும் அதனையே தழுவிற்று. 1975 முதல் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போருக்கு அம்முறை மட்டுமே காரணமன்று. ஆயினும் அதற்கும் அதிற் பங்குண்டு. நிலத்தைப் பற்றிய கேள்விக்குச் சமயத்தின் பெயரால் விடை கூறப்பட்டமையே லெபனான் மலை மாவட்டம் விட்டுச்சென்ற படிப்பினையாகும்.