மோட்டார் கார் வடிவமைப்பு: அமெரிக்க, ஐரோப்பிய மரபுகள்

பெட்ரோல் மலிவாகவும் சாலைகள் விசாலமாகவும் இருந்த அமெரிக்காவில், 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹார்லி எர்ல் தலைமையில் கலை-வர்ண இலாகாவை நிறுவியதுமுதல், ஆண்டுதோறும் புதுக்கோலம் பூண்டு வாங்குவோர் மனத்தைக் கவர்வதே காரின் இலட்சணம் என்றாகிவிட்டபடியால், லாக்ஹீட் பி-38 போர்விமானத்தைக் கண்டு எர்ல் கொண்ட உவகை, 1948-ஆம் ஆண்டுக் காடிலாக்கின் பின்புறத்தில் சிறு துடுப்புகளாக முளைத்து, 1959-இல், தோட்டா போன்ற இரட்டைச் சிவப்பு விளக்குகளைத் தாங்கிய நெடிய சிறகுகளாக வளர்ந்து நின்றது.

ஐரோப்பாவிலோ, எஞ்சினின் அளவைக் கொண்டு வரி விதித்த அரசாங்கங்களும் குறுகிய பழந்தெருக்களும் சிக்கனத்தை வற்புறுத்தின. அதே 1959-இல் அலெக் இஸிகோனிஸ் படைத்த மினி, எஞ்சினைக் குறுக்காக வைத்ததனால், சுமார் 3 மீட்டர் நீளத்தில் நால்வரை அமர்த்தியது. அவ்வாண்டுக் காடிலாக் 5.7 மீட்டர்.

இத்தாலியில் பினின்ஃபரீனா 1947-இல் உருவாக்கிய ஸிஸிடாலியா 202-இல், முகப்பும் சக்கரமூடியும் கதவும் தனித்தனி உறுப்புகளாக நில்லாமல், ஒரே தகட்டை உள்ளங்கையால் தடவி வளைத்தாற்போல் ஒன்றினுள் ஒன்றாக இழைந்து செல்வதைக் காணலாம். ஆடம்பரமற்ற அச்சௌந்தரியத்தை நியூயார்க் நவீனக் கலைக்கூடம் 1951-இல் காட்சிக்கு வைத்தது முற்றிலும் தகும்.

இருமரபும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல: கிறைஸ்லரின் வர்ஜில் எக்ஸ்னர் தம் மாதிரிக் கார்கள் பலவற்றை டூரின் நகரத்துக் கியா பட்டறையில் கட்டுவித்தார்.