சீனி வருத்தமும் நகராத சைக்கிளும்



2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. புத்தளத்தில் அதற்கு இரண்டு நாட்கள் முன்பே, 18 ஆம் திகதியே வந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி என்ற பேச்சு நம் ஊரில் பரவியதும் அந்தக் காலத்தில்தான். அப்போதும் அதன் பிறகும் வாங்கிய சைக்கிள் மெஷின்கள் சில வீடுகளில் இன்றும் ஓடுகின்றன. சில வீடுகளில் சாரமும் துவாயும் காயப்போட உதவுகின்றன. அதன் வரலாறு தெரிந்தால் துணியை எடுத்துவிட்டு ஏறி உட்காரத் தோன்றும்.

வீதியில் ஓடும் சைக்கிளை விட இது மூத்தது. ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் இரண்டு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டியது 1817 இல். அதற்கும் 21 வருடங்களுக்கு முன்பே, 1796 இல், பிரான்சிஸ் லௌண்ட்ஸ் என்பவர் லண்டனில் ஓர் உடற்பயிற்சி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். காலால் மிதிக்க மிதிகட்டைகளும் கையால் சுழற்றக் கைபிடிகளும் அதில் இருந்தன. நோயாளிகளுக்காகவும் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்காகவுமே அது செய்யப்பட்டது.

அடுத்த முக்கியமான மனிதர் டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ. உடல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத் துல்லியமாக அளக்க, மின்காந்தத்தால் சக்கரத்தைத் தடுக்கும் சைக்கிள் ஒன்றை 1913 இல் அவர் அமைத்தார். இன்று கடைக்காரர் “மெக்னட் சைக்கிள்” என்று காட்டுவது அதே வழியில் வந்ததுதான். தசை வேலை செய்யும்போது அதற்குள் மயிர்த்துளைக் குழாய்கள் எப்படித் திறக்கின்றன என்று கண்டறிந்ததற்காக 1920 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய மனைவி மேரி குரோவும் ஒரு வைத்தியர். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. 1922 இல் இருவரும் அமெரிக்கா சென்றபோது, கனடாவின் டொரொண்டோவில் இன்சுலின் என்ற புதிய மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்த செய்தி தெரியும். குரோ அங்கே போய், அதைத் தம் நாட்டில் தயாரிக்க அனுமதி பெற்றுத் திரும்பினார். பயிற்சியை அளக்கும் சைக்கிளும் டென்மார்க்கின் இன்சுலினும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. இயங்கும் தசை, இன்சுலின் குறைவாக இருக்கும்போதும் இரத்தத்திலுள்ள சீனியை உள்ளெடுக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

1953 இல் ஜெரி மொரிஸ் லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டும் சாரதிகளை விட, நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார். இதை நம் ஊரோடு பொருத்திப் பாருங்கள். உப்பளத்திலும் தோட்டத்திலும் கடலிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் நாம். இன்று பள்ளிக்கும் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் போகிறோம். வேலை உடம்பை விட்டுப் போய்விட்டது, சோறு மட்டும் குறையவில்லை. கிளினிக் வரிசையில் நிற்பது நம் உம்மாமாரும் வாப்பாமாரும்தான். வீதியில் வேகமாக நடக்கக் கூச்சப்படும் நம் பெண்களுக்கு வீட்டிலுள்ள சைக்கிள் பெரிய உதவி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. காந்தத் தடை உள்ளது சத்தம் போடாது, தேயாது. பட்டி உரசும் வகை விலை குறைவு, ஆனால் பட்டி தேயும், மாற்ற வேண்டி வரும். அபாயாவும் பிள்ளைகளின் விரலும் சிக்காதபடி சக்கரம் முழுவதும் மூடியிருக்கட்டும். தாங்கும் எடை எவ்வளவு என்று கேளுங்கள். ஆசனம் உயர்த்தித் தாழ்த்தக்கூடியதாக இருந்தால் வீட்டார் எல்லோருக்கும் உதவும். களப்புக் காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னலோரம் வைக்காமல், அடிக்கடி துடைத்து வையுங்கள்.

மிதி கீழே வரும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். ஐந்து நாட்கள், நாளுக்கு அரை மணித்தியாலம் என்றால் 150 ஆகிவிடும்.

இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்பவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். சீனி திடீரென இறங்கலாம். பக்கத்தில் இரண்டு பேரீச்சம்பழம் இருக்கட்டும். நோன்பு காலத்தில் இஃப்தாருக்கு முன் மிதிக்க வேண்டாம். வெறுங்காலோடு ஏறாதீர்கள், காலில் புண் வந்தால் ஆறுவது கடினம். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மேரி குரோவின் காலத்தில் இன்சுலினுக்காகக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. நமக்கு மருந்து ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது, மெஷினும் சுவரோரம் நிற்கிறது. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். இன்று இஷாவுக்குப் பிறகு அந்தத் துவாயை எடுத்துவிட்டு உம்மாவை ஏற்றி உட்கார வையுங்கள். பக்கத்தில் நின்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் நல்ல சுகத்தைத் தருவானாக. ஆமீன்.