மில் வீட்டுப் புத்தக அலமாரி

குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோர் சிலர் அண்மைக் காலத்தில் என்னைக் காண வருகிறார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் என்பதால் என்னிடம் அவர்கள் கேட்பது ஒன்றே: வீட்டு அலமாரியில் எந்தெந்த நூல்களை வாங்கி வைக்கலாம்? பட்டியல் எழுதிக் கொடுப்பது கடினமன்று. ஆயினும் அக்கேள்வியைக் கேட்கும்போதெல்லாம், இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் மாநகரில் இருந்த ஒரு வீட்டின் அலமாரியே என் நினைவில் எழுகிறது. அந்த அலமாரியைக் கொண்டு வளர்ந்த சிறுவன், முதுமையை எட்டியபின் தன் வரலாற்றை எழுதியபோது, எந்த வயதில் எந்த நூலைப் படித்தான் என்பதை வரிசையாகச் சொல்லி வைத்தான். மாணவர்களாகிய நீங்கள் அவன் பெயரைப் பொருளாதாரப் பாடத்திலோ அரசியல் பாடத்திலோ கண்டிருப்பீர்கள். ஜான் ஸ்டூவர்ட் மில் என்பது அப்பெயர்.

தந்தையார் ஜேம்ஸ் மில் 1773ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். எடின்பரோவில் படித்துச் சமயப் போதகராகும் தகுதியையும் பெற்றார். பின்னர் அவ்வழியை விட்டு லண்டனுக்கு வந்து, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். 1806ஆம் ஆண்டில் மூத்த மகன் பிறந்தான். ஏறத்தாழ அதே காலத்தில்தான் அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றையும் எழுதத் தொடங்கினார். அது முடியப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. குடும்பமோ ஆண்டுக்கு ஆண்டு பெருகிப் பிள்ளைகள் ஒன்பதின்மர் ஆயினர். நிலையான வருவாய் இல்லை. இந்நிலையில் மகனைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை, தாமே கற்பிப்பது என்று அவர் முடிவு செய்தார்.

மூன்றாம் வயதில் கிரேக்கம் தொடங்கியது. கிரேக்கச் சொல்லையும் அதன் ஆங்கிலப் பொருளையும் தந்தையார் சிறு அட்டைகளில் எழுதிக் கொடுத்தார். அடுத்து ஈசாப்பின் கதைகளைக் கிரேக்கத்திலேயே படிக்க வைத்தார். எட்டாம் வயதில் இலத்தீன் தொடங்கும் முன்பே, ஹெரடோட்டஸின் வரலாறு முழுவதையும், செனபனின் நூல்கள் சிலவற்றையும், பிளேட்டோவின் உரையாடல்கள் ஆறையும் சிறுவன் படித்துவிட்டான். அந்த ஆறனுள் கடைசியானது தனக்கு விளங்கியிருக்கவே முடியாது என்றும், அதை விட்டிருக்கலாம் என்றும் மில் பிற்காலத்தில் எழுதினார். இந்தப் பட்டியலைக் கண்டு எந்தப் பெற்றோரும் மயங்க வேண்டா. மயங்கித் தங்கள் குழந்தையை வாட்டவும் வேண்டா. நாம் காண வேண்டியது வேறு.

அந்நாளில் அவனுக்குக் கிடைத்த கிரேக்க அகராதி இலத்தீனில் பொருள் கூறுவது. சிறுவனோ அப்போது இலத்தீன் அறியான். ஆகவே எழுதுமேசையின் ஒரு பக்கத்தில் தந்தை இந்திய வரலாற்றை எழுதிக்கொண்டிருக்க, அதே மேசையில் அமர்ந்து மகன் கிரேக்கம் படிப்பான். தெரியாத சொல் வரும்போதெல்லாம் தலை நிமிர்ந்து கேட்பான். தந்தை எழுத்தை நிறுத்திப் பொருள் சொல்வார். அவரைவிடப் பொறுமையற்ற மனிதர் அரியர் என்று மகனே சான்று கூறுகிறான். அப்படிப்பட்டவர் இந்த இடையூற்றை ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டார். வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, அவன் படித்த அத்தனை நூல்களையும்விட இந்த மேசையே பெரிதாகத் தோன்றுகிறது. அலமாரியில் இல்லாத அகராதிக்கு ஈடாக அவ்வீட்டில் ஒரு தந்தை இருந்தார்.

1810 முதல் 1813 வரை அவர்கள் நியூவிங்டன் கிரீன் என்னும் பகுதியில் குடியிருந்தனர். காலை உணவுக்கு முன் இருவரும் பசுமையான சந்துகளின் வழியே உலாவச் செல்வர். முந்திய நாள் படித்ததை மகன் நடந்துகொண்டே தந்தைக்குச் சொல்லவேண்டும். அதற்காகப் படிக்கும்போதே சிறு தாள்களில் குறிப்பெடுத்து வைத்துக்கொள்வான். படித்தவை பெரும்பாலும் வரலாறுகள்: இராபர்ட்சன், ஹியூம், கிப்பன், புளூட்டார்க். இடர்களோடு போராடி வென்ற மனிதரைப் பற்றிய நூல்களில் தந்தைக்குத் தனி விருப்பம் இருந்தது. டிரேக் முதல் குக் வரை உலகைச் சுற்றிய மாலுமிகளின் பயணங்கள் அவ்வாறு வந்து சேர்ந்தன. குழந்தைகளுக்கென்றே எழுதிய நூல்கள் அநேகமாக இல்லை. யாரோ அன்பளிப்பாகத் தந்த இராபின்சன் குரூசோவே அவற்றுள் தலையாயது. ஆயிரத்தொரு இரவுகளும் டான் குவிக்சோட்டும் இரவல் வாங்கியவை. ஆண்டுதோறும் வெளிவந்த நிகழ்ச்சித் தொகுப்பு நூல்களை நண்பர் பெந்தாமிடம் வாங்கிப் படித்தனர். அவரிடம் இருந்த தொகுதிகள் முடிந்த இடத்தில் சிறுவனின் படிப்பும் நின்றது! அலமாரியை நிரப்பப் பெரும்பணம் வேண்டுமென்று கவலைப்படும் பெற்றோருக்கு இதை நான் தவறாமல் சொல்வதுண்டு.

எட்டாம் வயதில் அவனே ஆசிரியனும் ஆனான். இலத்தீனைத் தான் கற்கக் கற்கத் தங்கைக்கும், பிறகு மற்றத் தம்பி தங்கையர்க்கும் கற்பிக்கவேண்டும். அவர்கள் பிழைபடச் சொன்னால் பொறுப்பு அவனுடையது. இம்முறையில் நம் சென்னையின் சாயல் உண்டு. 1789ஆம் ஆண்டில் எழும்பூர் ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்பவர், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதைப் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். அது சென்னை முறை என்ற பெயரோடு இங்கிலாந்து சென்றது. லங்காஸ்டர் என்பவர் லண்டனில் நடத்திய அதைப் போன்ற பள்ளிகளை ஜேம்ஸ் மில் ஆதரித்து எழுதியவர். ஆனால் அந்தச் சட்டாம்பிள்ளை வேலையைச் செய்த மகனோ, தன் அனுபவம் அம்முறைக்குச் சாதகமாக இல்லை என்று தீர்ப்புக் கூறிவிட்டான். கற்பித்ததால் பாடம் தன் மனத்தில் ஆழப் பதிந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டான்.

இனி அலமாரியின் குறைக்கு வருவோம். கவிதை அதில் இடம்பெறவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. போப் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்த ஹோமரின் இலியத்தை இருபது முப்பது முறை படித்த சிறுவன் அவன். வால்ட்டர் ஸ்காட்டின் கதைப்பாடல்களில் திளைத்தவன். ஷேக்ஸ்பியரும் இருந்தார். ஆனால் ஷேக்ஸ்பியர் எதற்காகக் கொடுக்கப்பட்டார்? முக்கியமாக அவருடைய வரலாற்று நாடகங்களுக்காக. செய்யுள் எழுதவும் பயிற்சி தரப்பட்டது. மக்கள் செய்யுளுக்கு அதன் தகுதிக்கு மேல் மதிப்புத் தருகிறார்கள், ஆகவே அதை எழுதத் தெரிந்திருப்பது நன்று என்பது தந்தை கூறிய காரணங்களுள் ஒன்று. ஒரு நூல் வீட்டிற்குள் வரும்போது அதைக் கொண்டுவந்தவரின் நோக்கமும் உடன் வருகிறது. குழந்தைகள் அதையும் படித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அவ்வீட்டில் நூலே போதும் என்ற துணிவு இருந்தது. இரசாயன நூல்களை அவன் விரும்பிப் படித்தான். ஒரு சோதனையையேனும் செய்ததில்லை, செய்யக் கண்டதும் இல்லை. பிற சிறுவரின் பழக்கம் தீங்கு தரும் என்று அவன் அவர்களிடமிருந்து விலக்கியே வளர்க்கப்பட்டான். மேசையின் மறுபக்கத்தில் நடந்ததும் அதுவேயன்றோ? ஜேம்ஸ் மில் இந்தியாவைக் கண்டதில்லை. இந்திய மொழி எதுவும் அறிந்ததில்லை. அதை ஒரு குறையாகவே அவர் கருதவில்லை. இந்தியாவில் நெடுங்காலம் கண்ணாலும் காதாலும் அறிவதைவிட, இங்கிலாந்தில் அறையில் அமர்ந்து நூல்களால் அறிவதே மிகுதி என்று முன்னுரையில் வாதிட்டார். 1817ஆம் ஆண்டு அந்நூல் அச்சாகும்போது அச்சுப்படிகளைத் தந்தை திருத்த, கையெழுத்துப் படியை உரக்கப் படித்துக் காட்டியவன் பதினோரு வயது மகன். நம் முன்னோரின் நாகரிகத்தை மிகத் தாழ்வாக மதிப்பிட்ட அந்நூல், இந்தியாவை ஆள வந்த இளைஞர்களுக்கு ஹெய்லிபரிக் கல்லூரியில் பாடநூலாயிற்று. 1840களில் அதை மறுபதிப்பித்த வடமொழி அறிஞர் வில்சன், பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பில் மறுப்பு எழுதவேண்டியிருந்தது.

1820ஆம் ஆண்டு, பதினான்காம் வயதில், மில் பெந்தாமின் தம்பி குடும்பத்தாரோடு தங்கியிருக்கப் பிரான்சுக்குப் புறப்பட்டார். அங்கே பிரனீஸ் மலைத்தொடரைக் கண்டார். அக்குடும்பத்து மகன் ஜார்ஜ் பெந்தாமிடம் செடிகளைச் சேகரித்து இனம் காணும் பழக்கத்தைக் கற்றார். இவை எந்த நூலும் தந்தவை அல்ல. திரும்பி வந்து, 1823ஆம் ஆண்டில், தந்தை பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்திலேயே எழுத்தராய் அமர்ந்தார்.

1826ஆம் ஆண்டின் இறுதியில், இருபதாம் வயதில், அவர் மனம் இருண்டது. தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் அனைத்தும் இக்கணமே நிறைவேறினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இல்லை என்று உள்ளம் விடையளித்தது. பல மாதங்கள் எந்திரம்போல் வேலை செய்தார். தந்தையிடம் சொல்ல மனம் வரவில்லை; இந்த நோயை உணரக் கூடியவர் அவரல்லர் என்று கருதினார். ஒருநாள் மார்மோன்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளில், தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்தைத் தான் தாங்குவதாக உறுதி கொள்ளும் பகுதியைப் படித்துக் கண்ணீர் விட்டார். அன்று முதல் பாரம் குறைந்தது. 1828ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைத் தொகுதியை முதன்முதலாக எடுத்தார். அதன் மலைக் காட்சிகள் தம்மை ஆட்கொண்டதற்குக் காரணம், சிறுவயதில் தாம் கண்ட பிரனீஸ் மலையே என்று அவர் எழுதுகிறார்.

பிற்காலத்தில் மில் வீட்டுக் கல்வியை வெறுக்கவில்லை. 1859ஆம் ஆண்டு வெளிவந்த சுதந்திரம் பற்றிய தம் நூலில், ஒவ்வொரு குழந்தையும் கல்வி பெறுவதை அரசு வற்புறுத்தலாம், எங்கே எவ்வாறு என்பதைப் பெற்றோரிடமே விடலாம், பொதுத் தேர்வு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

1873ஆம் ஆண்டு மே மாதம் அவர் பிரான்சில் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புகூடப் பூச்சியியல் அறிஞர் ஃபாப்ருடன் செடி சேகரிக்கச் சென்றிருந்தார். உலர்த்தி வைத்திருந்த செடிகளில் ஒரு பகுதி கியூ தாவரவியல் தோட்டத்திற்குப் போயிற்று. லண்டன் வீட்டு நூல்களை அவருடைய வளர்ப்பு மகள் ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கென எழுந்த சாமர்வில் கல்லூரிக்கு வழங்கினார். அவற்றுள் பலவற்றின் ஓரங்களில் தந்தையும் மகனும் இட்ட குறிப்புகளை அங்கே இன்றும் காணலாம்.