இடம் மாறிய குப்பை

பத்திரிகையாளனாக நான் அறிந்த கொழும்பு மாநகரக் குப்பையின் வரலாறு, இடமாற்றங்களின் வரலாறே. முதலில் கொட்டாஞ்சேனையை அடுத்த புளுமெண்டலில் அது மலையாகக் குவிந்தது. 2009இல் அவ்விடம் மூடப்பட, மாநகர சபையின் லொறிகள் கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லைக்குத் திரும்பின. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், அங்கே குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30இற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2021இல் கெரவலப்பிட்டியவில், குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் பெறும் நிலையம் திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் நமது குப்பையில் பெரும்பகுதி ஈரமான சமையற்கழிவு. அது எரிப்பதற்கன்று, பசளைக்கே உகந்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தரம்பிரித்து வைக்கப்படுவதைச் சபையும் தரம்பிரித்தே ஏற்றிச் செல்லவேண்டும். இல்லையேல் இன்னோர் ஊர் மீதொட்டமுல்லையாகும் என்பதே என் அச்சம்.